நாலாவது மாடிக்கு உண்ணி ஏறாதாம்!

"எங்க பப்பி வாசப்படியையே தாண்டாது டாக்டர். அதுக்கு எப்படி உண்ணி வரும்?"

செல்லப் பிராணி கிளினிக்குகளில் நாள் தவறாமல் காதில் விழும் கேள்வி இது. கேட்கிற தொனியில் சந்தேகத்தைவிடக் குற்றச்சாட்டுதான் தூக்கலாக இருக்கும். போன வாரம் குளிப்பாட்டக் கொடுத்த கடைக்காரர்தான் ஒட்டவிட்டிருப்பார், இல்லையென்றால் கீழ் வீட்டு நாய். தங்கள் வீடு அப்பழுக்கில்லாதது. நாய்க்குத் தனிப் படுக்கை, ஏசி அறை, பாக்கெட் உணவு, வாரம் தவறாமல் ஷாம்பூ குளியல்.

மேசையில் கிடக்கும் நாய்க்கோ மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கிறது. அடிவயிற்றில் முடி குறைவான இடத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மருத்துவர் காது மடலின் வெளி ஓரத்தைத் திருப்புகிறார். அங்கே நாய்களுக்கெல்லாம் பை போல ஒரு சிறு மடிப்பு உண்டு. அதை விரலால் விரித்தால் உள்ளே வரிசையாக ஐந்தாறு பழுப்பு உண்ணிகள் பதுங்கியிருக்கின்றன. "அதுவா? மச்சம்னு நினைச்சோமே!"

வெளியே போகாத நாய்க்கு உண்ணி வராது என்ற இந்த நம்பிக்கையைப் போல ஆபத்தானது வேறில்லை. மற்றவையெல்லாம் பாதி மூடநம்பிக்கை, பாதிச் சிக்கனம். சொன்னால் புரிந்துகொள்வார்கள். இது மட்டும் பகுத்தறிவு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. புல் இல்லை, மண் இல்லை, மற்ற நாய் இல்லை, ஆகவே உண்ணியும் இல்லை என்ற கணக்கு கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. உண்ணிக்குத்தான் அந்தக் கணக்கு தெரியாது.

நம் ஊர் நாய்களைப் பிடிக்கும் உண்ணிகளில் முதன்மையானது பழுப்பு நாய் உண்ணி. ரைபிசெபாலஸ் சாங்குனியஸ் என்பது பாடப்புத்தகப் பெயர். வெப்பநாடுகளில் இருப்பதைத் தனி இனமாகப் பிரித்து ரைபிசெபாலஸ் லின்னேயி என்று அழைக்க வேண்டும் என்று 2021-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாய்க்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இந்த உண்ணியின் விசேஷமே வேறு. மற்ற உண்ணிகள் பெரும்பாலும் புதர், புல்வெளி, காடு என்று ஈரம் தேடி வாழ்பவை. இது வறட்சியைத் தாங்கும். முட்டை பொரிப்பதில் தொடங்கி மறுபடி முட்டையிடும் வரை முழு வாழ்க்கையையும் ஒரு கட்டடத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். குளிர் கடுமையான ஐரோப்பிய நாடுகளில் வெளியே பிழைக்க முடியாத இந்தப் பூச்சி, வெப்பமூட்டிய வீடுகளிலும் நாய்க் கூடங்களிலும் குடும்பம் நடத்தியிருக்கிறது. வீட்டுக்குள் வாழ்வதற்கென்றே வந்து வாய்த்த உண்ணியைப் பார்த்துத்தான், "வீட்டுக்குள்ள எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள்.

அதன் குடித்தனம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது. ஈயச் சாம்பல் நிறத்தில் உப்பிப்போய் நாயின் மேல் தொங்குவதைத்தான் எல்லோரும் உண்ணி என்று அடையாளம் காண்கிறார்கள். அது ரத்தம் குடித்து முடித்த பெண். பசியோடிருக்கும்போது 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். குடித்து முடிக்கும்போது 12 மில்லிமீட்டர் வரை வீங்கும். பிறகு தானே கழன்று விழுந்து, இடுக்கு தேடிப் போய், சராசரியாக 4,000 முட்டைகள் இட்டுவிட்டுச் சாகும். முட்டை பொரிந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். அது நாயின் மேல் ஏறி சில நாள் குடிக்கும், இறங்கும், இடுக்கில் தோலுரித்து எட்டுக் கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஏறும், குடிக்கும், இறங்கும், தோலுரிக்கும். மூன்றாம் முறை ஏறும்போதுதான் அது வளர்ந்த உண்ணி. ஆக, ஒரே நாயின் மேல் மூன்று முறை ஏறி இறங்குகிறது. மற்ற நாளெல்லாம் அது இருப்பது நாயின் மேல் அல்ல, வீட்டில். நம் ஊர்ச் சூட்டில் இந்தச் சுற்று இரண்டு மாதத்தைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடும். சாப்பாடு கிடைக்காவிட்டாலும் கவலையில்லை, ஒவ்வொரு பருவத்திலும் மூன்று முதல் ஐந்து மாதம் வரை பட்டினி கிடக்க அதனால் முடியும்.

அந்த இடுக்குகள் எவை? சுவரோரமாக ஓடும் ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கு மேலே உள்ள கீறல், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப்போன சந்து, சுவிட்ச் போர்டின் பின்புறம், கட்டிலின் அடிச்சட்டம், திரைச்சீலையின் மடித்துத் தைத்த விளிம்பு. இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு. அதனால் தரையைத் துடைத்துத் துடைத்து மினுக்கியவர்கள், கூரை மூலையில் அது ஊர்வதைப் பார்த்து, "மேல் வீட்டிலிருந்து இறங்கி வருது" என்று சண்டைக்குப் போகிறார்கள்.

முதல் உண்ணி எப்படி வந்தது என்பதற்கு வழிகள் ஏராளம். லிஃப்டுக்குக் காத்திருந்த இரண்டு நிமிடம், தடுப்பூசி போட வந்த கிளினிக்கின் பெஞ்ச், ஊருக்குப் போனபோது நாயை விட்டுச் சென்ற போர்டிங், மாடிப்படித் திருப்பத்தில் பகலெல்லாம் படுத்திருக்கும் தெருநாய். இவை எதுவும் இல்லாமலும் வரலாம். முந்தைய குடித்தனக்காரர் நாய் வளர்த்திருந்தால், அவர் காலிசெய்து மூன்று மாதம் பூட்டிக்கிடந்த வீட்டில் பசியோடு உண்ணி காத்திருக்கும். புதுப் பெயின்ட் வாசனை போவதற்குள் உங்கள் நாயை அது கண்டுபிடித்துவிடும். கணக்கு மிகச் சிறியது: வயிறு நிறைந்த ஒரே ஒரு பெண் உண்ணி உள்ளே வந்தால் போதும்.

சரி, வந்தால்தான் என்ன, நாலு சொட்டு ரத்தம்தானே என்பவர்களுக்கு ஒரு மெட்ராஸ் சரித்திரம். 1910-ல் டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ஆய்வாளர், 'மெட்ராஸ் ஹண்ட்' வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில் அதுவரை யாரும் விவரிக்காத ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு எழுதினார். அதையே பின்னர் நரியின் ரத்தத்திலும் பார்த்தார். இன்று உலகமெங்கும் கால்நடை மருத்துவர்கள் பாபேசியா கிப்சோனி என்று அழைப்பது இதைத்தான். சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் இந்தக் கிருமியை உண்ணிகள் பரப்புகின்றன. முதன்முதலில் பெயர் சூட்டப்பட்டது நம் ஊர் நாயின் ரத்தத்தை வைத்து. துரைமார் வேட்டைக்கென்று பேணி வளர்த்த நாய்கள் அவை, தெருவில் அலைந்தவை அல்ல.

பழுப்பு உண்ணியே நேராகக் கொண்டுவரும் நோய் இன்னொன்று, எர்லிக்கியா. 1935-ல் அல்ஜீரியாவில் கண்டறிந்தது. உலகம் அதைத் திரும்பிப் பார்க்க வைத்தது வியட்நாம் போர். 1960-களின் கடைசியில் அங்கே அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் மூக்கில் ரத்தம் ஒழுகி நூற்றுக்கும் மேல் செத்தன. பயிற்சியாளரும் மருத்துவரும் கூடவே இருந்த நாய்கள் அவை. இந்தக் கிருமி ரத்தத்தட்டுகளைக் குறைத்துவிடும். விட்டுவைத்தால் மாதக் கணக்கில் பதுங்கியிருந்து எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நாய் எழுந்து வாலாட்டியதும் நிறுத்திவிடுகிற புண்ணியவான்கள் இரண்டு மாதம் கழித்து, "அதே காய்ச்சல் திரும்ப வந்துடுச்சு" என்று வந்து நிற்கிறார்கள். அது எங்கேயும் போகவே இல்லை.

ஹெபட்டோசூன் என்ற மூன்றாவது கிருமிக்கு உண்ணி கடிக்கக்கூட வேண்டாம். அரிக்கிறதே என்று நாய் தன் உடம்பைக் கடித்து உண்ணியை விழுங்கினால் போதும், அந்த வழியாக உள்ளே போய்விடும்.

"பார்க்கப் பார்க்கப் பிடுங்கிப் போட்டுடுறோம்" என்பது அடுத்த சமாதானம். பிடுங்குவது நல்லதுதான். கூர்முனை சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும். நகத்தால் நசுக்குவதும் ஊதுபத்தியால் சுடுவதும் வேண்டாத வேலை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது வளர்ந்த உண்ணி மட்டுமே. குஞ்சுகளை யார் பிடுங்குவது? அதோடு, எர்லிக்கியா கடிபட்ட சில மணி நேரத்திலேயே நாய்க்குள் போய்விடுவதைப் பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் குளிப்பாட்டும்போது தேடுகிறவர் ஆறு நாள் தாமதம்.

செய்ய வேண்டியது இரண்டு. நாய்க்கு, மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்து: மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் அஃபாக்சோலனர், ஃப்ளூரலனர் வகை மாத்திரைகள், அல்லது சொட்டு மருந்து, கழுத்துப்பட்டை. இந்த மாத்திரைகள் உண்ணி கடித்த பிறகே அதைக் கொல்லும். நோய் முழுவதும் தடுபடும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆனால் பெருக்கம் நின்றுவிடும். வலிப்பு வரும் நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இதை எச்சரித்திருக்கிறது. இரண்டாவது, வீட்டுக்கு: கீறல்களை ஒயிட் சிமென்ட்டால் அடைப்பது, வாக்குவம் கிளீனரை இடுக்குகளில் விடுவது, படுக்கையை வெந்நீரில் துவைப்பது, தேவைப்பட்டால் பூச்சி ஒழிப்புக்காரரை ஒருமுறைக்கு இருமுறை அழைப்பது. ஐந்து மாதம் பட்டினி கிடக்கக்கூடிய எதிரிக்கு ஒரு மாத மருந்து எந்த மூலைக்கு? இடைவெளி விடாமல் தொடர்ந்தால்தான் சுவரிலிருந்து பசியோடு இறங்கும் ஒவ்வொன்றும் நாயைக் கடித்துச் சாகும். நம் ஊரில் அவற்றை நிறுத்திவைக்கும் பனிக்காலமும் கிடையாது. ஆகவே "சீசன் முடிஞ்சதும் நிறுத்திடலாமா?" என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

மற்ற நம்பிக்கைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

பூண்டு கொடுத்தால் உண்ணி அண்டாது என்பார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சேதப்படுத்துபவை. 2000-ல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், பூண்டுச் சாறு ஏழு நாள் கொடுத்த நாய்களின் சிவப்பணுக்கள் கெட்டுப்போனதைப் பதிவு செய்தார்கள். கொடுத்த அளவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாபேசியா ஏற்கெனவே சிவப்பணுவை உடைத்துக்கொண்டிருக்கும் நாய்க்குப் பூண்டு எதற்கு? பூனைக்கு இன்னும் மோசம். வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், கொல்லாது, நக்கினால் வாந்தி. மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். உண்ணிக்கு முன்னால் நாய் போய்விடும்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் ஒரு துளி போட்டால் போதும் என்பது கிராமத்திலும் நகரத்திலும் ஒரே மாதிரி உலவும் யோசனை. நல்ல மருந்துதான். அதைக் கண்டறிந்த வில்லியம் கேம்ப்பெல்லும் சதோஷி ஓமுராவும் 2015-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் கோலி போன்ற இனங்களில் ஒரு மரபணுக் குறைபாட்டால் அது மூளைக்குள் புகுந்து நாயைச் சாய்த்துவிடும். மாட்டு அளவிலிருந்து நாய் அளவுக்கு இறங்கும்போது ஒரு புள்ளி தவறினாலும் போச்சு.

நாய் மருந்தில் பாதியைப் பூனைக்குப் போடலாம் என்பது பூனைகளைக் கொல்லும் சிக்கனம். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளிலும் கரைசல்களிலும் பெர்மெத்ரின், அல்லது அதன் உறவுக்கார மருந்துகள் இருக்கும். பூனையின் கல்லீரலால் பெர்மெத்ரினைச் சரியாக உடைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, மரணம். பாதி போட்டாலும் அதேதான்.

இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வருமாம். முட்டையோ குஞ்சோ உள்ளே போகாமல் எந்தப் புழுவும் வராது. மைசூர்பாகில் புழு முட்டை இல்லை. நாய்க்குட்டிக்கு உருளைப்புழு தாயின் கருப்பையிலேயே வந்துவிடுகிறது, கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. அதனால்தான் இரண்டு வார வயதிலேயே முதல் குடற்புழு மருந்து, பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பூனைக்குட்டிக்கு மூன்று வாரத்தில் தொடங்கலாம். "மலத்தில் புழு தெரியலையே" என்பவர்கள், கொக்கிப்புழு குடலைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும், முட்டை மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் நாடாப்புழுவின் துண்டு: வாலடியில் அரிசி மணி போல ஒட்டியிருக்கும். அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி. அதை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே அரிசி திரும்பிவிடும். பின்புறத்தைத் தரையில் இழுத்துத் தேய்க்கும் நாய்க்குப் பல நேரம் புழுவே இருக்காது. ஆசனவாய் ஓரச் சுரப்பி அடைத்துக்கொண்டிருக்கும்.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் கர்ப்பம் தரிக்காது என்பதற்குப் பதில் சொல்வதே கால விரயம். டாக்ஸோபிளாஸ்மா பற்றிய பயத்துக்குத்தான் காரணம் உண்டு. அந்தக் கிருமி முட்டைகள் வெளியேறுவது பூனையின் மலத்தில், முடியில் அல்ல. அதுவும் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, ஒன்றிரண்டு வாரம். வெளிவந்த பிறகும் ஒரு நாளாவது கழியாமல் அது யாருக்கும் தொற்றாது. கர்ப்பிணி தவிர வேறொருவர் தினமும் மணல்தட்டைச் சுத்தம் செய்தால் கதை முடிந்தது. ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு, தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதத்துக்குச் சரியாக வேகாத இறைச்சியைக் காரணம் காட்டியது. பூனையோடு பழகுவது அதில் ஆபத்துக் காரணியாகத் தெரியவே இல்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விடுகிறவர்கள் அடுப்படியைக் கவனிக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழையோடு வருடா வருடம் கிளம்பும் இன்னொரு பீதி, உண்ணிக் காய்ச்சல். செய்தி வந்த வாரமே நாயைத் தெருவில் விடுகிற வீடுகள் இருக்கின்றன. ஸ்க்ரப் டைபஸ் என்ற அந்தக் காய்ச்சலைப் பரப்புவது புதர்களில் வாழும், எலிகளில் ஒட்டும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு விழும். நாயின் காதில் தொங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழுப்பு உண்ணி மனிதரை அரிதாகக் கடிக்கும், வேறொரு டைபஸ் காய்ச்சலைத் தரவும் கூடும். அதற்கும் வழி உண்ணியை ஒழிப்பது, நாயை அல்ல.

நாயைத் தெருவில் விட்டால் உண்ணியும் தெருவுக்குப் போகுமே தவிர ஒழியாது. அங்கிருந்து அது கட்டடத்துக்குத் திரும்பி வருவதற்கு ஸ்டில்ட் பார்க்கிங் போதும். அடுக்குமாடிச் சங்கங்களின் கூட்டங்களில் தெருநாய் என்றாலே சோறு வைப்பவருக்கும் மற்றவருக்கும் வாய்ச்சண்டை. வாசலில் படுக்கும் நாலு நாயின் மேல் எத்தனை ஆயிரம் முட்டைக்கான ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், பிடிக்கும் தெருநாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றோடு குடற்புழு நீக்கமும் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கூண்டில் இருக்கும்போதே உண்ணி மாத்திரையும் ஒன்று கொடுத்து அனுப்பினால் என்ன? நாய் ஏற்கெனவே கையில், மருத்துவர் பக்கத்தில், செலவு மாத்திரை மட்டும்.

அரசுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. கொசுப் புகைக்குப் பணம் ஒதுக்குகிற சங்கம் இதற்கும் ஒதுக்கலாம். மருத்துவரிடம் நாய்களின் தோராய எடையைச் சொல்லி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளையும் சினையானவற்றையும் தனியே சொல்லுங்கள். சோறு வைப்பவருக்குத்தான் எந்த நாய் எதைத் துப்பும் என்று தெரியும், ஆகவே மாத்திரையை அவர் கையில் கொடுங்கள். கோழி ஈரலுக்குள் வைத்தால் முழுதாக இறங்கும். கொடுத்த தேதியையும் நாயின் நிறத்தையும் வாட்ச்மேன் நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த தவணை எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.